வீட்டு முன்பாத்திக்கு வண்ண இலைச் செடி: ஸ்பைரியாவை நடுவதும் வெட்டுவதும்

கேள்வி இது: ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் புது டவுன்ஹவுஸ். கிழக்குப் பார்த்த முன்பக்கம், சன்னலுக்குக் கீழே 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பாத்தி. சன்னலின் அடி விளிம்பு நிலத்திலிருந்து 90 சென்டிமீட்டர். வசந்தம் தொடங்கி இலை கொட்டும்வரை நிறமாக நிற்கிற, உயரம் போகாத செடி ஒன்று வேண்டும். பார்பெரி வைப்பதா, ஸ்பைரியா வைப்பதா? போன வருடம் டிரைவ்வே ஓரம் நட்ட ‘கோல்ட்ஃபிளேம்’ ஸ்பைரியா ஒன்று பாதி பச்சையாகவும், மீதி ஓரம் கருகியும் நிற்பது ஏன்?

ஸ்பைரியாவையே வையுங்கள். அதிலும் ‘மஜிக் கார்பெட்’ என்ற வகை உங்கள் பாத்திக்குப் பொருந்தும். கோல்ட்ஃபிளேம் 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை போகும், அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. நல்ல மண் கிடைத்தால் சன்னல் விளிம்பை முட்டிவிடும். மஜிக் கார்பெட் 45 முதல் 60 சென்டிமீட்டரில் நின்றுவிடும், 60 முதல் 75 வரை விரியும். இரண்டும் ஸ்பைரியா ஜப்பானிக்கா என்ற ஒரே இனத்தின் தோட்ட வகைகள். ஜப்பான், கொரியா, சீனா ஆகியவை அந்த இனத்தின் தாயகம். ரோஜாவின் குடும்பம், ஆனால் முள் கிடையாது. ரொறன்ரோவின் குளிர் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. இதைவிடக் கடுமையான 4ஆம் குளிர் வலயத்திலும் தாங்கும்.

இந்தச் செடியைப் பற்றி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இதன் வண்ணம் புதுத் துளிரில்தான் இருக்கிறது. ஏப்ரலில் மொட்டு வெடிக்கும்போது இலை செம்பு கலந்த சிவப்பு, மே மாதத்தில் ஆரஞ்சும் பொன்மஞ்சளும், ஜூலையில் வெளிர் மஞ்சள் அல்லது மஞ்சட்பச்சை. இலை முதிர முதிரச் சிவப்புப் போய்விடும். மஜிக் கார்பெட் கோடை முழுவதும் நுனியில் சிவந்த துளிர் விட்டபடி இருக்கும். அதை நான் முன்னே வைப்பது அதற்காகத்தான். ஒக்டோபரில் இரண்டுமே மறுபடி ஆரஞ்சும் செம்புமாக மாறிவிட்டு இலையைக் கொட்டும். ஜூன் கடைசியில் தட்டைத் தட்டையாக இளஞ்சிவப்புப் பூக்கொத்துகள் வரும். பொன்னிற இலைக்கு மேல் அந்த இளஞ்சிவப்பு பலருக்குக் கண்ணை உறுத்தும். பிடிக்காவிட்டால் மொட்டிலேயே நறுக்கிவிடுங்கள், செடிக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆக, வெயில், பசளை, வெட்டு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பார்க்க வேண்டும்: புதுத் துளிர் நன்றாக வர வேண்டும், வந்த துளிர் கருகவும் கூடாது, பச்சையாகவும் கூடாது.

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடிவுவரை வெறும் சுள்ளிதான் நிற்கும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். அந்த வெறுமை பிடிக்காதவர்கள் செடிகளுக்கு இடையே ஒக்டோபரில் குரோக்கஸ், மஸ்காரி கிழங்குகளைப் புதைத்துவிடலாம். மஸ்காரியின் நீலமும் ஸ்பைரியாவின் செந்துளிரும் ஏப்ரல் கடைசியில் ஒரே நேரத்தில் வரும். அந்த இரண்டு கிழமை பாத்தி மிக வடிவாக இருக்கும்.

பார்பெரியை ஏன் விலக்குகிறேன்? அழகில்லை என்பதற்காக அல்ல. ‘ரோஸ் குளோ’ போன்ற செவ்விலைப் பார்பெரியின் நிறத்தை ஸ்பைரியாவால் எட்ட முடியாது. காரணங்கள் வேறு. முதலாவது, ஊசி முள். காய்ந்து விழும் சிறு குச்சியிலும் முள் இருக்கும். வாசலோரம் பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டில் அது சரிவராது, களை பிடுங்கும்போது கையுறையையும் துளைக்கும். இரண்டாவது, அதன் சிவப்புப் பழத்தைக் குருவிகள் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடும். ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் ஜப்பானியப் பார்பெரி காடுகளுக்குள் புதராக மண்டி, அந்தப் புதரின் ஈரத்தில் லைம் நோயைக் கடத்தும் உண்ணிகள் பெருகுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நியூயோர்க் மாநிலம் அதன் விற்பனையைத் தடுத்திருக்கிறது. கனடாவிலும் பார்பெரிக்கு ஒரு வழக்கு உண்டு. கோதுமையைத் தாக்கும் தண்டுத் துருநோய்ப் பூஞ்சை தன் வாழ்க்கைச் சுற்றின் ஒரு பகுதியைப் பார்பெரி இலையில் கழிக்கிறது. அதனால் இங்கே நெடுங்காலம் அது விலக்கப்பட்டிருந்தது. துருநோய் ஏறாத சில வகைகளுக்கு மட்டும் 2001இல் வழிவிட்டார்கள். நிறத்துக்காக இவ்வளவையும் தலையில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

ஸ்பைரியாவும் முழுக்கக் குற்றமற்றது என்று சொல்லமாட்டேன். அப்பலாச்சிய மலைப்பகுதியில் அதுவும் விதையால் பரவித் தொல்லை கொடுக்கிறது. பூ வாடியதும் விதை முற்றுமுன் நறுக்கிவிட்டால் அந்தப் பிரச்சினை உங்கள் பாத்தியைத் தாண்டாது. எப்படியும் அந்த நறுக்கல் நிறத்துக்கும் தேவை, அதைக் கீழே சொல்கிறேன்.

இனி இடம். கிழக்கு வெயில் இந்தச் செடிக்குக் கிடைத்த வரம் என்றே சொல்லலாம். காலை வெயில் 5, 6 மணி நேரம் விழுந்து, பிற்பகல் சூடு படாத இடத்தில் பொன்னிலை கருகாது. நாள் முழுக்க நிழல் என்றால் இலை பச்சையாகிவிடும். வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையத்தைக் கூட்டித்தானே பிழைக்க வேண்டும்? மறுபக்கம், தெற்கும் மேற்கும் பார்த்து, தாரோ கொங்கிரீட்டோ சூட்டைத் திருப்பி அடிக்கும் இடத்தில் ஜூலையில் இலை வெளுத்து ஓரம் காயும்.

சுவரிலிருந்து தூரம்தான் எல்லோரும் பிழைவிடும் இடம். கன்று சிறிதாக இருக்கிறதென்று சுவரை ஒட்டி நட்டுவிடுவார்கள். கூரையின் இறவாரத்துக்குக் கீழே 45 முதல் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு மழையே விழாது. மழை பெய்கிற நாளில்கூட அந்த மண் தூசியாகக் கிடக்கும். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் வீடென்றால் அந்தக் கோட்டிலும் நடக்கூடாது, கிளை பிளந்துவிடும். துணி உலர்த்தியின் சூட்டுக்காற்று வெளிவரும் குழாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் பாத்தியில் செடியின் நடுப்பகுதி சுவரிலிருந்து 75 சென்டிமீட்டரில் வரட்டும். முன் ஓரத்துக்கு 45 மிஞ்சும். மஜிக் கார்பெட் விரிய அது போதும். நீளவாக்கில் 4 கன்றுகள், நடுவுக்கு நடு 75 சென்டிமீட்டர், இரண்டு முனையிலும் 37 சென்டிமீட்டர் விட்டு. கோல்ட்ஃபிளேம்தான் வேண்டும் என்றால் மூன்று, ஒரு மீட்டர் இடைவெளியில். முதல் வருடம் பாத்தி வெறிச்சோடித் தெரியும். அதைப் பார்த்து ஏழு எட்டு வாங்கி நெருக்கி நட்டால் மூன்றாம் வருடம் உள்ளுக்குள் காற்றோட்டம் இல்லாமல் வெண்பூசணம் பிடிக்கும். வெறுமையை அந்த வருடப் பூக்களால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மண்வெட்டியை எடுக்குமுன் ஒன்று. ஒன்ராறியோ மாகாணத்தில் நிலத்தைத் தோண்டுகிற எவரும், வீட்டுக்காரர் உட்பட, ‘ஒன்ராறியோ வன் கோல்’ அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது 5 வேலைநாள் முன்பு கேளுங்கள். எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக அடையாளமிட்டுக் கொடுப்பார்கள். புது டவுன்ஹவுஸில் எரிவாயு மீற்றர் பெரும்பாலும் முன்பக்கத்திலேயே இருக்கும். செடிக் குழிதானே என்று இதை விடாதீர்கள். உங்கள் வீடு கொண்டோ நிர்வாகத்தின் கீழ் வருவதென்றால் முன்பாத்தியில் எதை நடலாம் என்று அவர்களுக்கும் ஒரு விதி இருக்கக்கூடும். அதையும் கேட்டுவிடுங்கள்.

புதுக் குடியிருப்புகளில் மண்தான் உண்மையான தலையிடி. வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்துவிடுவார்கள். கனரக வண்டிகள் ஓடி இறுகிய களிமண்மேல் கடைசியில் ஒரு சாண்கூட இல்லாத மேல்மண்ணைப் பரப்பிப் புல் விரிப்பார்கள். சுவரோரத்தில் சீமெந்துத் துண்டும் சாந்தும் புதைந்திருக்கும். தெற்கு ஒன்ராறியோ மண் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்தது, அதனால் இயல்பிலேயே காரத்தன்மை உள்ளது. சீமெந்து அதை இன்னும் கூட்டும். முதலில் வடிகால் பாருங்கள்: 30 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி, தண்ணீரால் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை மணிக்கு 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இறங்கினால் பிரச்சினை இல்லை. ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் பாத்தியை 15 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். ஆனால் உயர்த்தும் மண் வீட்டுச் செங்கலைத் தொடக்கூடாது. செங்கல் வரிசையின் அடியில் ஈரம் வெளியேற விட்டிருக்கும் சிறு துளைகளை மூடினால் சுவர் நனையும். அடிவாரக் கொங்கிரீட் 15 சென்டிமீட்டராவது வெளியே தெரிகிறமாதிரி, சுவரிலிருந்து விலகிச் சரிவாக மண்ணை ஏற்றுங்கள்.

பாத்தி முழுவதையும் 25 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கிளறி, கல்லையும் சாந்தையும் பொறுக்கி எடுத்து, மேலே 5 சென்டிமீட்டர் கொம்போஸ்ட் போட்டுக் கலந்துவிடுங்கள். உங்கள் பாத்தி 3.6 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் கனத்துக்கு 180 லீட்டர் கொம்போஸ்ட் வேண்டும், 30 லீட்டர் பை என்றால் ஆறு. களிமண்ணை இளக்க மணல் போடச் சொல்வார்கள், போடவேண்டாம். கொஞ்ச மணலும் களியும் சேர்ந்தால் செங்கல் சூளைக்குத்தான் ஆகும். குழிக்குள் மட்டும் நல்ல மண் நிரப்புவதும் பிழை. சுற்றிலும் இறுகிய களி, நடுவில் பொலபொலத்த மண் என்றால் மழைத்தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் வந்து தேங்கும், வேர் அழுகும்.

நடும் காலம் மே முதல் ஜூன் தொடக்கம் வரை, அல்லது செப்டெம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை. இலையுதிர் காலத்தில் நட்டால் நிலம் உறையுமுன் ஆறு கிழமையாவது வேர் ஓட வேண்டும். அந்த நேரம் விலையும் குறைந்திருக்கும், ஆனால் கோடை முழுக்கச் சாடிக்குள் நின்று வேர் சுருண்ட கன்றுகள்தான் மிஞ்சியிருக்கும். வாங்கும்போது சாடியைச் சாய்த்து அடித் துளையைப் பாருங்கள். விரல் தடிப்பில் வேர் வெளியே வந்திருந்தால் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பூ நிறைந்த ஒரே தண்டுக் கன்றைவிட, பூவே இல்லாமல் அடியிலிருந்து ஐந்தாறு தண்டு கிளம்பிய கன்று மேல். இலைகளுக்கு நடுவே முழுப் பச்சைத் தண்டு ஒன்று தெரிந்தால் அதை எடுக்காதீர்கள்.

நடுவதற்கு முன் சாடியை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை, ஏறக்குறைய 10, 15 நிமிடம் விடுங்கள். நர்சரிக் கலவை பெரும்பாலும் பீற் எனப்படும் மக்கிய பாசியும் மரப்பட்டையும்தான். காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரை உறிஞ்சாது, ஓரமாக வழிந்து ஓடவிடும். குழி சாடியைப் போல இரண்டு, மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் மட்டும் சாடியின் அளவே. களிமண்ணில் மண்வெட்டி இழுத்த பக்கம் பீங்கான்போல வழவழவென்று இறுகி நிற்கும், வேர் அதைத் துளைக்காது. முள்ளுக்கரண்டியாலோ அலவாங்காலோ அந்தப் பக்கங்களைக் கீறி முரடாக்குங்கள். வேர்க்கட்டியை எடுத்துப் பாருங்கள். சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் கத்தியால் மேலிருந்து கீழாக மூன்று, நான்கு இடத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, அடியில் பாய்போல் பின்னியதை வெட்டி எறியுங்கள். இரக்கப்பட வேண்டாம். கீறாவிட்டால் அந்த வேர் பல வருடத்துக்குப் பிறகும் சாடி வடிவத்திலேயே இருக்கும். கட்டியின் மேல்மட்டம் சுற்று நிலத்தைவிட 2, 3 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கட்டும், மண் பின்னர் அமரும். தோண்டிய அதே மண்ணால் மூடி, பாதியில் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றி, பிறகு மீதியை நிரப்புங்கள். காலால் மிதிக்க வேண்டாம். முதல் நாள் கன்றுக்கு 10 லீட்டர்.

மேலே சீவிய மரப்பட்டை 5 முதல் 7 சென்டிமீட்டர், தண்டைச் சுற்றி 5 சென்டிமீட்டர் வட்டம் வெறுமையாக. களை வராமல் இருக்க விரிக்கும் கறுப்புத் துணியைத் தவிருங்கள். இந்தச் செடி அடியிலிருந்து புதுத் தண்டு விட்டுத்தான் தன்னைப் புதுப்பிக்கிறது. துணி அதற்குத் தடை, களையோ இரண்டு வருடத்தில் துணிக்கு மேலேயே முளைக்கும்.

முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கன்றுக்கு 8 முதல் 10 லீட்டர், செடியின் அடியிலேயே மெதுவாக ஊற்றுங்கள். முதல் ஐந்தாறு கிழமை வேர் இன்னும் சாடிக் கலவைக்குள்ளேதான் இருக்கிறது. பக்கத்துக் களிமண் ஈரமாக இருக்கும்போதே கட்டி உள்ளே காய்ந்திருக்கும். அதனால் பாத்தி மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தண்டுக்குப் பக்கத்தில் விரலை இறக்கிப் பாருங்கள். ஓகஸ்டுக்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை போதும். ஆனால் நிலம் உறையும்வரை விடக்கூடாது. இரண்டாம் வருடம் மழையில்லாத கிழமையில் மட்டும், மூன்றாம் வருடத்திலிருந்து கடும் வறட்சியில் மட்டும்.

பசளை விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஏப்ரலில் 2 சென்டிமீட்டர் கொம்போஸ்ட், அவ்வளவுதான். புல்லுக்குப் போடும் நைதரசன் பசளை பாத்திக்குள் சிதறினால் தண்டு நீண்டு தளர்ந்து சாயும், இளம் நுனிக்கு அசுகுணி வரும், பொன்னிறமும் மங்கும்.

இப்போது வெட்டு. வண்ண இலை ஸ்பைரியாவின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. இந்த இனம் அந்த வருடம் வளரும் புதுக் கிளையில் பூக்கிறது. அதனால் வசந்தத் தொடக்கத்தில் எவ்வளவு வெட்டினாலும் பூ குறையாது. வெட்ட வெட்டத் துளிர், துளிர் வர வர நிறம். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள், மொட்டுகள் பருத்துச் செந்நிறம் காட்டும்போது, முழுச் செடியையும் நிலத்திலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். ஊரெல்லாம் ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூத்துவிட்டதென்றால் நேரம் கடந்துகொண்டிருக்கிறது, உடனே முடியுங்கள். பென்சில் தடிப்புக்கு உட்பட்ட தண்டுகளை வேலி வெட்டும் கத்தரியால் ஒரே வீச்சில் வெட்டலாம். அதைவிடத் தடித்த, சாம்பல் நிறமாகிப் பட்டை உரிகிற தண்டுகளைக் கைக்கத்தரியால் தரையோடு எடுங்கள். மூன்று வயது தாண்டிய செடியில் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிழத் தண்டாவது இப்படிப் போக வேண்டும். வெட்டி முடித்த பாத்தியைப் பார்த்தால் செடியைக் கொன்றுவிட்டோமோ என்றிருக்கும். மே மாதத்தில் மறுபடி செம்பொன்னாக நிற்கும்.

முதல் வருடம் நட்ட கன்றை இப்படி வெட்ட வேண்டாம், அடுத்த வசந்தத்தில் தொடங்குங்கள்.

இரண்டாவது வெட்டு ஜூலை நடுவில். முதற் பூ பழுப்பானதும் பூக்கொத்தோடு அதற்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் இலைத்தண்டையும் சேர்த்து மொட்டையடியுங்கள். கையால் ஒவ்வொரு பூவாகக் கிள்ளிக்கொண்டிருக்கத் தேவையில்லை, கத்தரியால் மேலோட்டமாக வழித்துவிடலாம். இரண்டு மூன்று கிழமையில் மறுபடி சிவந்த துளிரும், ஓகஸ்டில் சிறிதளவு பூவும் வரும். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு கத்தரியை வைத்துவிடுங்கள். அதற்குப் பின் கிளம்பும் துளிர் முற்றுமுன் உறைபனியில் கருகும். இலையுதிர் காலத்தில் துப்புரவாக இருக்கட்டும் என்று தரையோடு வெட்டும் பழக்கமும் வேண்டாம். அந்தச் சுள்ளிகள்தான் பனியைப் பிடித்து அடிப்பகுதிக்குப் போர்வையாக வைத்திருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. மே மாதத்தில் வெள்ளையாக வளைந்து பூக்கிற வேறு ஸ்பைரியாக்கள் உண்டு. வான்ஹூட் ஸ்பைரியாவை ரொறன்ரோவின் பழைய வீடுகளில் நிறையப் பார்க்கலாம். அவை போன வருடக் கிளையில் பூப்பவை. அவற்றை ஏப்ரலில் வெட்டினால் அந்த வருடம் பூவே இருக்காது. அவற்றுக்குப் பூ முடிந்தபின், ஜூனில்தான் வெட்டு.

டிரைவ்வே ஓரச் செடிக்கு வருவோம். அதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

பச்சைக்குத் திரும்புவது கோல்ட்ஃபிளேமின் பிறவிக் குணம். பொன்னிலை ஒரு பிறழ்வு. எப்போதாவது ஒரு மொட்டு தன் மூதாதையின் பச்சைக்கே திரும்பிவிடும். பச்சைத் தண்டில் பச்சையம் கூட, அதனால் வேகமும் கூட. விட்டுவைத்தால் இரண்டு மூன்று வருடத்தில் பொன்னை அமுக்கிச் செடியையே பிடித்துக்கொள்ளும். நுனியை நறுக்குவது வீண். அந்தத் தண்டைத் தொடர்ந்து கீழே போய், அது கிளம்பும் இடத்தில், தேவையானால் மண்ணைச் சற்று விலக்கி, அடியோடு எடுங்கள். மே கடைசியில் ஒருமுறை, ஜூலை வெட்டின்போது ஒருமுறை பார்த்தால் போதும். எடுக்குமுன் அது உண்மையில் அதே செடியின் தண்டுதானா என்றும் பாருங்கள். பழைய விதை விழுந்து அடியிலேயே முளைத்த பச்சை நாற்றாகவும் இருக்கலாம். இழுத்தால் தனி வேரோடு வந்துவிடும். ஆனால் ஜூலைக்குப் பிறகு எல்லாத் தண்டும் ஒரே சீராக மஞ்சட்பச்சையானால் அது திரும்புதல் இல்லை, வெறும் முதிர்ச்சி. அதை வெட்டி எறியாதீர்கள்.

ஓரம் கருகியது எப்போது தொடங்கியது என்பதுதான் திறவுகோல். மே, ஜூனிலேயே, செடியின் டிரைவ்வே பக்கத்தில் அதிகமாகக் கருகியிருந்தால் அது குளிர்காலத்தில் போட்ட உப்பு. உப்பின் குளோரைட் வேர் வழியே ஏறி இலையின் ஓரத்தில் சேர்ந்து அங்கிருந்து காயவைக்கும். சோடியம் களிமண்ணின் அமைப்பைக் குலைத்துத் தண்ணீர் இறங்கவிடாமல் செய்யும். உப்புக் கலந்த பனியைச் செடிமேல் வாரிக் கொட்டினால் இரண்டு பங்கு சேதம். ஜூலையில், தெற்கும் மேற்கும் பார்த்த இலைகளில் மட்டும் தொடங்கியிருந்தால் வெயிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையும். உப்பென்றால் நிலம் இளகியதும் ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் மூன்று முறை, 20 லீட்டர் வீதம் ஊற்றிக் கழுவிவிடுங்கள். வடிகால் இல்லாத மண்ணில் இதுவும் பலிக்காது. அப்படியானால் செடியைப் பெயர்ப்பதுதான் வழி. ஏப்ரல் வெட்டுக்குப் பிறகு, இலை விரியுமுன், தண்டைச் சுற்றி 30 சென்டிமீட்டர் அகலமும் 25 ஆழமுமான மண்கட்டியோடு எடுத்து, டிரைவ்வேயிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நடுங்கள். ஸ்பைரியா பெயர்த்து நட்டால் எளிதில் பிடிக்கும்.

பொன்னிலைச் செடியில் இரும்புச்சத்துக் குறைவைக் கண்டுபிடிப்பது சற்றுச் சிரமம், எல்லாமே மஞ்சள்தானே. நரம்பைப் பாருங்கள். ஆரோக்கியமான பொன்னிலையில் நரம்பும் இலையும் ஒரே சாயலில் இருக்கும். நரம்பு மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரிந்து, இடைப்பகுதி வெளிறி வெண்மஞ்சளானால் அது இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. காரமண்ணில் வேரால் அதை எடுக்க முடியவில்லை. ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு நிறைய உண்டு, கந்தகத்தூள் போட்டுக் காரத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். கடையில் கீலேற் இரும்பு வாங்கினால் பெயரைப் பார்த்து வாங்குங்கள்: ஈடிடிஏ (EDTA) வகை காரமண்ணில் உடைந்து பயனற்றுப் போகும், ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை நிலைக்கும். அதற்கு முன்னால் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். ஈரம் நிற்கும் களிமண்ணிலும் இதே அறிகுறி வரும், வடிகால் சரியானால் தானே மாறும்.

பூச்சிகளில் கவனிக்க வேண்டியது அசுகுணிதான். மே, ஜூனில் நுனி இலை சுருண்டு ஒட்டினால் விரித்துப் பாருங்கள், பச்சை அசுகுணி அடர்ந்திருக்கும். ஒன்ராறியோவில் அழகுக்காகப் பூச்சிகொல்லி அடிப்பது 2009 ஏப்ரலிலிருந்து தடை. கவலையில்லை, ஹோஸ் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று நாள் இடைவிட்டு அடித்தாலே அடங்கும், அனுமதிக்கப்பட்ட பூச்சிச் சவர்க்காரக் கரைசலும் உண்டு. முற்றிச் சுருண்ட நுனிகளை ஜூலை வெட்டு எப்படியும் கொண்டுபோய்விடும். வெண்பூசணம் நெருக்கத்தின் நோய், இடைவெளி விட்டால் அரிது. குளிர்காலத்தில் முயல் தண்டுகளைச் சீவியதுபோலச் சரிவாகக் கடித்துவிட்டுப் போகும். ஏப்ரலில் 15 சென்டிமீட்டருக்கு வெட்டத்தானே போகிறீர்கள், பாதி வேலையை அது செய்துவிட்டது. நட்ட முதல் குளிர்காலத்தில் மட்டும் 60 சென்டிமீட்டர் உயரக் கோழி வலையை வட்டமாக நிறுத்துங்கள்.

இந்த நாட்டுச் செடிதான் வேண்டும் என்றால் நைன்பார்க் பாருங்கள். ஒன்ராறியோவின் சொந்தச் செடி, காரக் களிமண்ணையும் பொறுக்கும். கருஞ்சிவப்பு இலை உள்ள ‘லிட்டில் டெவில்’, ‘டைனி வைன்’ ஆகியவை சிறிய வகைகள். சிறியவை என்றாலும் 90 முதல் 120 சென்டிமீட்டர் போகும், சன்னலுக்குக் கீழே வேண்டாம், வாசற்படியின் மறுபக்கம் என்றால் சரி. அதே கடையில் பக்கத்திலேயே ‘டியாப்லோ’ நிற்கும், நிறம் ஒன்றே, ஆனால் அது இரண்டரை மீட்டர் மரம்போல ஆகிவிடும், லேபிளில் உயரத்தைப் படித்தபின் எடுங்கள். ஃபோதர்கில்லாவின் இலையுதிர் நிறத்தைப் படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அமிலமண் கேட்கும் செடி அது, வினிகருக்கு நுரைக்கும் மண்ணில் பணம் வீண்.